ஊருக்குக் கட்டுவதும் வீட்டுக்கு உடுப்பதும்: திருகோணமலையில் மூன்று வீட்டு உடுப்புக் கணக்கு

மனையாவெளியில் எங்களுக்குத் தைக்கும் அக்காவின் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கூடை இருக்கும். தைக்கக் கொடுத்த துணியெல்லாம் அதற்குள்தான். 2019இல் அந்தக் கூடையில் கடைப் பையோடு புதுத் துணி கிடக்கும். பிளவுஸ் துண்டு, லைனிங், சாறிக்கு ஃபோல். 2022 கார்த்திகையில் போனபோது கூடை அதே அளவுக்கு நிறைந்திருந்தது. ஆனால் உள்ளே கிடந்ததெல்லாம் பழைய பிளவுஸ்கள். "பக்கம் பிரிச்சு விடுறதுதான் இப்ப வேலை" என்றார் அக்கா. "புதுசு தைக்க ஆருமில்லை. உள்ளுக்கு விட்ட துணி இருக்கிற பிளவுஸ் எல்லாம் என்னட்ட வந்திட்டுது."

உள்ளுக்கு விட்ட துணி என்றால், தைக்கும்போது பக்கத்தையலுக்குள் ஒன்றரை விரல் அகலத்துக்கு மடித்துவிடும் துணி. உடம்பு பெருத்தால் தையலைப் பிரித்து இளக்கலாம். நல்ல தையல்காரரிடம் தைத்த பிளவுஸ் பத்து வருசம் ஓடுவது அதனால்தான். கடையில் தைத்து வரும் உடுப்பில் அந்த மடிப்பே இருக்காது. இது சின்ன விசயம் போலத் தெரியும். பெண்களின் உடுப்புச் செலவு எந்தப் பகுதியில் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க உட்கார்ந்தபோது, எனக்கு வழி காட்டியது இந்த மடிப்புத்தான்.

பேரேட்டில் இல்லாத வரி

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் சில வருசத்துக்கு ஒருமுறை வீட்டு வருமான, செலவினக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2016இல் இலங்கையில் ஒரு வீட்டின் சராசரி மாதச் செலவு 54,999 ரூபாய், 2019இல் 63,130. அதில் உணவுக்குப் போனது முதலில் நூற்றுக்கு 34.8, பிறகு 35.1. வருமானம் கூடக்கூடச் செலவில் உணவின் பங்கு குறையும் என்று 1857இல் ஜேர்மன் புள்ளிவிபரக்காரர் எர்ன்ஸ்ட் எங்கல் சொன்னதை வைத்துத்தான் இன்றைக்கும் ஒரு மாவட்டத்தின் வசதியை மட்டுக்கட்டுகிறார்கள். எல்லாருடைய கண்ணும் அந்தக் கணக்கெடுப்புப் பேரேட்டில் உணவுச் செலவு எழுதும் வரியில் இருக்கும். உடுப்பு எழுதும் வரி சிறியது. அதற்குள் பெண்களின் உடுப்பு இன்னும் சிறியது. கட்டுரை எழுதுபவர்கள் அதைத் தாண்டிப் போவதில் ஆச்சரியமில்லை.

திருகோணமலையைப் பொறுத்தவரை இன்னொரு சங்கடமும் உண்டு. போக்கு என்று சொல்ல வேண்டுமென்றால் பின்னால் நீண்ட கோடு வேண்டும். 1990/91இலும் 1995/96இலும் 2002இலும் கணக்கெடுப்பு வடக்கு கிழக்குப் பக்கம் வரவில்லை. 2006/07இல் கிழக்கில் மற்ற மாவட்டங்களுக்கு வந்தது, திருகோணமலையை விட்டுவிட்டது. 2009/10இல்தான் எங்களை எண்ணினார்கள். 25 மாவட்டமும் ஒன்றாக உள்ளே வந்தது 2012/13இல். ஆக 2019 வரை எங்களுக்கிருப்பது கோடு இல்லை, நாலு புள்ளி. அந்த நாலில் கடைசிப் புள்ளி 2019. அந்த வருசம் ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன, நோன்புப் பெருநாள் ஜூன் 5. இடையில் ஆறு கிழமை. பெருநாள் உடுப்பு எடுக்கும் நேரத்தில் யாரும் கடைத்தெருவில் நிம்மதியாக நிற்கவில்லை. முஸ்லிம் மக்கள் நூற்றுக்கு நாற்பது அளவில் வாழும் மாவட்டத்தில் அந்த வருசத்து உடுப்புச் செலவை ஒரு சாதாரண வருசத்துக் கணக்காக எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில் நுகர்வோர் செலவினக் கணக்கெடுப்பு பதினாறு வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உடைக்குத் தனி வரியே வைத்து, வடகிழக்கு, மத்திய மேற்கு, தெற்கு, மேற்கு என்று நாட்டை நாலாகப் பிரித்து வெளியிடுகிறது. அங்கே அது சரிவரும், ஏனென்றால் பெரும்பாலும் எல்லாரும் தைத்த உடுப்பைத்தான் வாங்குகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் செலவின வகைப்பாட்டில், உடுப்புப் பகுதிக்குள் ஆண், பெண், பிள்ளை என்ற பிரிவு தைத்த உடைக்கு மட்டும்தான். துணியாக வாங்கினால் அது இன்னொரு வரி. அதில் ஆண் பெண் இல்லை. தையற்கூலி மூன்றாவது வரி. திருத்தம், சலவை, வாடகை உடுப்பு எல்லாவற்றோடும் சேர்ந்து கிடக்கும். மனையாவெளி அக்காவின் கூடையில் ஒரே பிளவுஸாக இருப்பது பேரேட்டில் இரண்டு இடத்தில் சிதறிப்போகும். தைத்துப் போடும் ஊரில் பெண்களின் உடுப்புச் செலவு குறைவாகத் தெரியும். கடையில் மாட்டியிருப்பதை வாங்கும் ஊரில் கூடத் தெரியும். உடுப்பது இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கலாம்.

அதனால் நான் பேரேட்டை விட்டுவிட்டு வீட்டுக் கணக்குக் கொப்பியைப் பிடித்தேன். மூன்று வீடு. ஒன்று உப்புவெளியில் எங்கள் வீடு: அம்மா, நான், ஆசிரியையாக இருக்கும் தங்கச்சி, என் மகள். இரண்டாவது கிண்ணியாவில் என்னோடு ஒரே அரச கந்தோரில் வேலை செய்யும் ராத்தாவின் வீடு. கணவர் கட்டாரில், இரண்டு பெண்பிள்ளைகள். மூன்றாவது சம்பூரில் சின்னம்மாவின் வீடு. மாடும் கொஞ்ச வயலும். இந்த மூன்றை வைத்து மாவட்டத்தை அளந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். எங்கள் வீட்டுக் கொப்பி 2019இலிருந்து நானே எழுதுவது. மற்ற இரண்டும் அவர்கள் வாயால் சொல்லி நான் எழுதிக்கொண்டது. சின்னம்மா சொல்லும் விலையில் ஐம்பது நூறு முன்பின் இருக்கும்.

ஒரே வீடு, இரண்டு சட்டம்

2022 செப்டெம்பரில் நாட்டுப் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதைத் தொட்டு நின்றபோது, பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. அரச ஊழியர்கள் வசதியான, பொருத்தமான உடையில் கந்தோருக்கு வரலாம் என்றது. உடுப்புச் செலவு கட்டுபடியாகவில்லை என்பதே காரணம். நவம்பரில் சில ஆசிரியைகள் சாறி இல்லாமல் பாடசாலைக்குப் போனார்கள். கல்வி அமைச்சர், அந்தச் சுற்றறிக்கை ஆசிரியர்களுக்கு இல்லை என்றார். எங்கள் வீட்டில் ஒரே அலுமாரியில் இரண்டு சட்டம் நடந்தது. எனக்கு விலக்கு, தங்கச்சிக்கு இல்லை.

எனக்குத்தான் மிச்சம் வரும் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்து இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். 2022 ஒக்டோபரிலிருந்து 2023 மார்ச் வரை கொப்பியில் இருப்பது இது. நான்: சல்வார் செட் நாலு, ஒன்று 3,900 வீதம், லெகின்ஸ் இரண்டு 1,700, ஒரு ஷோல் 950. மொத்தம் 18,250. தங்கச்சி: பிளவுஸ் மூன்றுக்குத் துணியும் லைனிங்கும் 2,250, தையற்கூலி 2,700, ஒரேயொரு சாறி 3,200. மொத்தம் 8,150. கட்டாயத்தில் இருந்தவளைவிட விலக்குக் கிடைத்தவள் இரண்டு மடங்குக்கு மேல் செலவழித்திருக்கிறாள்.

கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பிழையில்லை. காரணம் சாறிக்கு அளவில்லை என்பதுதான். தங்கச்சியும் அவளோடு படிப்பிக்கிற நாலு பேரும் அந்த ஆறு மாதமும் சாறியை மாற்றி மாற்றிக் கட்டினார்கள். திங்கள் ஒருத்தி கட்டியது அடுத்த கிழமை இன்னொருத்தியின் இடுப்பில். அம்மாவின் பெட்டியிலிருந்து எழுபதுகளில் வாங்கிய மருதமுனைக் கைத்தறிச் சாறி இரண்டு வெளியே வந்தது. இறக்குமதியை இறுக்கி வைத்திருந்த அந்தக் காலத்தில் கிழக்குத் தறிகள் ஓய்வில்லாமல் ஓடின. 1977இல் கதவு திறந்ததும் பாதித் தறி விறகாயிற்று என்பார் அம்மா. ஐம்பது வருசத்துச் சாறியைத் தங்கச்சி கட்டிக்கொண்டு போக, அதிபரே கரையைப் பிடித்துப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்டாராம். சல்வாரை அப்படிக் கைமாற்ற முடியாது. என் அளவு என் தங்கச்சிக்கு வராது. என்னிடம் ஏற்கெனவே இருந்ததோ இருபது சாறி. அவை அலுமாரியில் தூங்க, நான் காசு கொடுத்துப் புதிதாக ஒரு அடுக்கைக் கட்டியெழுப்பினேன். எங்கள் அலுமாரியில் சாறி சொத்து, சல்வார் செலவு.

(சாறிதான் கட்ட வேண்டும் என்று பெண்களைக் கட்டாயப்படுத்துவதற்கு இதை யாரும் சாட்சியாகத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். மழைக்காலத்தில் காலை ஆறரை மணி மினிபஸ்ஸில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கணக்கு வேறு, கால் தடுக்குவது வேறு.)

பாலத்துக்கு அங்கால

ராத்தாவின் கணக்கு வேறு மாதிரி. கந்தோருக்கு அவருக்கு இரண்டு ஹபாயா, ஒன்று தோய்க்க ஒன்று உடுக்க. நிதா என்னும் ஹபாயாத் துணி வாங்கி ஊரிலேயே தைப்பிக்கிறார். "மேலுக்கு ஒண்டு இரிந்தாச் சரி. உள்ளுக்குப் பழைய சட்டையா, கிழிஞ்ச சட்டையா, ஆருக்குத் தெரியும்?" என்று சிரிப்பார். முஸ்லிம் வீடுகளில் பெண்களின் உடுப்புக்கு அள்ளி இறைக்கிறார்கள் என்று டவுனில் ஒரு பேச்சு உண்டு. ராத்தாவின் வருசக் கணக்கில் அவருக்கென்று போனது எங்கள் மூன்று பேரில் யாருடையதைவிடவும் குறைவு. ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதும் அதே கணக்கில் இருக்கிறது: அவர் வீட்டுச் செலவு வருசம் முழுக்கப் பரவாமல் நோன்பின் கடைசிப் பத்து நாளில் குவிகிறது. இரண்டு மகள்மார், மாமியார், கணவரின் தங்கச்சி, வேலைக்கு வரும் பெண்மணி, எல்லாருக்கும் அந்தப் பத்து நாளுக்குள் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் கடைத்தெருவில் நிற்பவர்களுக்கு அது அள்ளி இறைப்பதாகத்தான் தெரியும்.

பெருநாள் வருசத்துக்கு ஏறக்குறைய பதினொரு நாள் முன்னால் நகரும். 2016இல் ஜூலையில் வந்தது 2023இலும் 2024இலும் ஏப்ரலுக்கு வந்து சித்திரைப் புத்தாண்டோடு ஒட்டி நின்றது. அந்த இரண்டு வருசமும் டவுன் புடவைக்கடைகளில் காலை வைக்க இடமில்லை. கடைக்காரர்கள் நிலைமை சீராகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு கொண்டாட்டத்தின் செலவு ஒரே மாதத்தில் விழுந்ததும் அதற்கு ஒரு காரணம். கடை சனமாக இருக்கிறது என்பதை வைத்து வீட்டு நிலைமையை அளந்தால் இப்படித்தான் ஏமாறுவோம்.

கட்டாரிலிருந்து பெட்டியில் வருவது ராத்தாவின் கணக்கில் இல்லவே இல்லை. மகள்மாருக்கு இரண்டு ஹபாயா, ஸ்கார்ஃப், உள்ளாடை, துவாய். "அது வாங்கினதில்லையே, வந்தது" என்கிறார். உழைத்த காசில் வாங்கிய உடுப்புத்தான், வாங்கிய நாடு வேறு.

அவருடைய உம்மா காலத்தில் கிண்ணியாத் துறையடியில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் டவுனுக்கு வரவேண்டும். பாதை தாமதித்தால் பஸ் போய்விடும். ஒரு பிளவுஸ் துண்டுக்காக ஒரு நாள் போகும். அதனால் வருசத்துக்கு இரண்டு தரம் வந்து மொத்தமாக எடுத்துக்கொண்டு போவார்களாம். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தது. அதற்குப் பிறகு கிண்ணியாப் பெண்பிள்ளைகள் ரியூஷனுக்கு வந்து போகும் வழியில் லெகின்ஸ் வாங்குகிறார்கள். ஒவ்வொன்றும் சின்னச் செலவு, ஆனால் அடிக்கடி. உம்மா காலத்தில் பெரிய செலவு, எப்போதாவது. வருசக் கடைசியில் கூட்டினால் எது கூட என்று ராத்தாவைக் கேட்டேன். "இப்பத்தான் கூட. அப்ப வாங்கினது நினைவிரிக்கி, இப்ப வாங்குறது நினைவில்ல" என்றார். கணக்கெடுக்க வருபவரிடம் சொல்லும்போது விடுபடுவது எது என்பதும் அதற்குள் வந்துவிட்டது.

பால் காசும் பொட்டணியும்

சம்பூர் 2006 ஏப்ரலில் போரால் இடம்பெயர்ந்தது. சின்னம்மா உடுத்த உடையோடு ஓடினார். கலியாணக் கூறை உட்பட எல்லாம் வீட்டோடு போயிற்று. பிறகு முகாம்கள். காணிகள் 2015, 2016இல் விடுபடும்வரை பத்து வருசம். அந்தக் காலத்தில் உடுப்பு என்பது யாரோ கொடுத்தது. ஒரு குடும்பத்துப் பெண்கள் தலையிலிருந்து கால்வரை எல்லாவற்றையும் புதிதாகத் தேட வேண்டியிருந்த 2006/07இல்தான் கணக்கெடுப்பு எங்கள் மாவட்டத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. வந்திருந்தாலும் சின்னம்மாவின் வரியில் பூச்சியம்தான் எழுதியிருப்பார்கள்.

இப்போது அவருக்கு உடுப்பு வருவது பொட்டணி வியாபாரியிடமிருந்து. மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய மூட்டையோடு கிழமைக்கு ஒருமுறை வருவார். டவுனில் 2,800 ரூபாய்க்கு நான் பார்த்த அதே பூப்போட்ட சாறியைச் சின்னம்மா கிழமைக்கு 350 வீதம் பன்னிரண்டு கிழமைத் தவணையில் எடுத்திருந்தார்: 4,200. பால் காசு கிழமைக்கு ஒருமுறைதான் வரும், தவணையும் கிழமைக்கு ஒருமுறை. எனக்கு வாயில் வந்துவிட்டது, "சின்னம்மா, ஆயிரத்து நானூறு கூடக் குடுத்திருக்கிறீங்க."

"உனக்கென்ன பிள்ளை, மாசம் முடிய மொத்தமாச் சம்பளம். மூதூருக்கு ஒரு பஸ், அங்கயிருந்து ஒரு பஸ். அண்டைக்கு மாடு ஆர் கறக்கிறது? நீ வருவியா?"

அவர் சொன்னதைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேரின் பஸ் காசு, டவுனில் சாப்பாடு, கறக்காமல் விட்ட பால். ஆயிரத்து நானூறு அவ்வளவு பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆனால் பேரேட்டில் அந்தத் தொகை முழுவதும் உடுப்புச் செலவு என்று ஏறும். நான் டவுனுக்குப் போய் வாங்கினால் பஸ் காசு போக்குவரத்து வரிக்குப் போகும். தூரத்து ஊரில் பெண்களின் உடுப்புச் செலவு கூடத் தெரிந்தால் அதில் ஒரு பகுதி தூரத்தின் விலை. இன்னொரு பகுதி கடனின் விலை.

அதைவிட என்னை நிறுத்தியது வேறொன்று. அந்த வருசம் சின்னம்மா நாலு சாறி வாங்கியிருந்தார். ஒன்றும் அவர் கட்டவில்லை. இரண்டு சாமத்திய வீடு (பெண்பிள்ளை பெரியவளானதற்கு எடுக்கும் விழா), ஒரு கலியாணம், ஒரு குடிபுகுதல். நாலும் நாலு வீட்டுக்குப் போயிற்று. அவர் மகளின் சாமத்திய வீட்டுக்கு வந்த பதினேழு சாறியில் ஒன்பது பெட்டி பிரிக்காமல் அலுமாரியில் இருக்கிறது. அதிலிருந்தும் எடுத்துக் கொடுப்பார், யார் கொடுத்தது என்று தாளில் எழுதி மடிப்புக்குள் வைத்திருக்கிறார், திரும்ப அவர்களுக்கே போய்விடக்கூடாது என்று. வாங்கியவள் ஒருத்தி, வாங்கிக்கொண்டவள் ஒருத்தி, கடைசியில் கட்டுபவள் யாரோ. இதில் எந்த வீட்டின் பெண் உடுப்புக்கு இதை எழுதுவது?

வெட்டு எங்கே விழுந்தது

2022 மார்ச்சில் டொலர் இருநூறிலிருந்து ஏறத் தொடங்கி இரண்டு மாதத்தில் முந்நூற்று அறுபதுக்குப் போனது. துணி, நூல், ஊசி எல்லாம் அதோடு ஏறியது. 2019இல் 450 ரூபாயாக இருந்த பிளவுஸ் கூலி எங்கள் கொப்பியில் 2022 முடிவில் 900. மூன்று வீட்டிலும் செலவைக் குறைத்தார்கள். எதைக் குறைத்தார்கள் என்று பார்த்தபோதுதான் மூன்று கொப்பியும் முதல்முறையாக ஒன்றையே சொன்னது.

தங்கச்சியின் பாடசாலைச் சாறி குறையவில்லை. ராத்தாவின் மகள்மாருக்குப் பெருநாள் உடுப்பு தரம் குறைந்தது, எண்ணிக்கை குறையவில்லை. சின்னம்மா சாமத்திய வீட்டுக்குச் சாறி கொடுப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பிறகு அந்த ஊரில் இருக்க முடியுமா? வெட்டு விழுந்தது வீட்டுக்குள் உடுப்பதில். நைட்டி, உட்பாவாடை, உள்ளாடை. எங்கள் கொப்பியில் 2021 ஐப்பசிக்குப் பிறகு 2024 தை வரை அம்மாவுக்கு ஒரு நைட்டி வாங்கியதாகப் பதிவு இல்லை. எனக்கும் உள்ளாடை வாங்கியது அந்த இரண்டேகால் வருசத்தில் ஒரே தரம். ராத்தா பழைய ஹபாயாவைக் கையை வெட்டி வீட்டுச் சட்டையாக்கியிருந்தார். சின்னம்மா மகனின் பள்ளிக்கூடச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் மாடு கறந்தார்.

உடுப்புச் செலவு இத்தனை வீதம் விழுந்தது என்று ஒரு எண்ணைச் சொல்லும்போது, அது எல்லா உடுப்பிலும் ஒரே மாதிரி விழுந்ததாக நினைத்துக்கொள்கிறோம். இந்த மூன்று வீட்டில் அப்படி நடக்கவில்லை. பிறர் கண்ணுக்கு முன் உடுப்பது எதுவோ அது தப்பியது. அவளுக்காக மட்டும் உடுப்பது எதுவோ அது போயிற்று. டவுன், கிண்ணியா, சம்பூர் என்று மற்ற எல்லாவற்றிலும் பிரிந்து நிற்கும் வீடுகள் இதில் மட்டும் பிரியவில்லை. பகுதிக்குப் பகுதி வித்தியாசம் தேடிப் புறப்பட்ட எனக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

2024 தைப்பொங்கலுக்கு அம்மாவுக்கு இரண்டு நைட்டி வாங்கினேன். கடலைப்பூ நிறத்தில் ஒன்று, நீலத்தில் ஒன்று. கொப்பியில் எழுதினேன். மாசி, பங்குனி போய்விட்டது, அம்மா தோளில் ஒட்டுப்போட்ட பழைய நைட்டியோடுதான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். புதுசு எங்கே என்று கேட்டேன். அலுமாரியைத் திறந்து காட்டினார். விலைத்துண்டு கழற்றாமல், நாப்தலின் உருண்டை போட்டு, ஒரு துவாயோடும் சவர்க்காரப் பெட்டியோடும் சேர்த்து ஒரு பையில் மடித்து வைத்திருந்தார்.

"ஆஸ்பத்திரியில மறிச்சா உடுக்க வேணுமெல்லே" என்றார்.